டப்பா மாறிய தோட்டாக்கூடுகள்

"ஒரு கூட்டை எத்தனை தடவை சுடலாம்?"

"அது பலதையும் பொறுத்தது."

"பலதுன்னா?"

"எவ்வளவு மருந்து அடைக்கிற, துப்பாக்கியோட வயிறு எவ்வளவு தாராளம், கழுத்துக்கு நெருப்புக் காட்டினியா இல்லையா..."

"அய்யோ, எனக்கு ஒரு நம்பர் சொன்னாப் போதும்."

"ஏழு."

"சரி, ஏழு."

"பதினஞ்சும் போகும்."

"விளையாடுறியா?"

"விளையாட்டு உன் பொழப்பு. நான் குழாய் மாட்டுறவன்."

ஹெல்யாவும் கிம்மோவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான். கொங்கின்கங்காஸ் கிராமத்து வேட்டைச் சங்கத்தின் சுடுதளத்தில், காதடைப்பானை ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு அவன் சொன்ன பதில்கள் இவை. நான்கு வருஷம் ஆகியும் ஹெல்யாவுக்கு வரிக்கு வரி மனப்பாடம். காரில் தனியாக வரும்போதெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அவள் யுவாஸ்கிலா நகரத்தில் மூன்றே பேர் வேலை செய்யும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் நிரல் எழுதுகிறவள். அவர்கள் விளையாட்டில் ஒரு ஆள் பனிக்காட்டில் தன்னந்தனியாக மாட்டிக்கொள்வான். கையில் துப்பாக்கி உண்டு, கடை கிடையாது. சுட்டு விழுந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அடியில் பொறி தட்டும் புதுக் கேப் மாட்டி, வெடிமருந்து நிரப்பி, வாயில் குண்டை அழுத்தி, அதையே திரும்பச் சுட வேண்டும். அந்தப் பித்தளை எத்தனை நாள் தாங்கும் என்பது மட்டும் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தாள். ஏழையும் பதினைந்தையும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்து, கடைசியில் பத்து என்று எழுதிவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான நம்பர் கிம்மோவின் கைபேசி நம்பர்தான்.

அதற்குப் பிறகு ஒரு சனி ஞாயிறு அவன் நகரத்துக்கு வருவான், அடுத்த சனி ஞாயிறு இவள் கிராமத்துக்குப் போவாள். நாற்பதைத் தாண்டிய இருவருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் காரைக் கிளப்பும்போது, போக வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அடுத்த தடவையும் தோன்றியது. "நான் இங்கேயே வந்து இருந்துவிடட்டுமா?" கேட்டால் முடிந்தது. ஆனால் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வாசல் பனியை வழித்துக்கொண்டே கிம்மோ சொன்னான்: "நல்லவேளை, நமக்கு ரெண்டு வீடு இருக்கு. அதான் சண்டையே வர்றதில்ல." விவாகரத்து ஆனவன் சொல்கிற வார்த்தை. ஹெல்யாவும் "ஆமா" என்று சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புதான் இரண்டு வருஷமாக அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

இப்போது அவள் குடியிருக்கும் கட்டடத்தில் குழாய்களையெல்லாம் மாற்றப் போகிறார்கள். அக்டோபர் நடுவில் சுவரை உடைப்பார்கள், எல்லாரும் மூன்று மாதம் வெளியேற வேண்டும். கூட வேலை செய்யும் ஒஸ்குவின் அத்தை வீடு ஒன்று காலியாக இருந்தது. ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம். "ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடு. வேற ஆள் கேக்குறாங்க" என்றிருந்தான் ஒஸ்கு.

கேட்பதற்கு இதைவிடத் தோதான சமயம் வராது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஹெல்யாவுக்கு நேர்மாறாகப் பட்டது. இப்போது கேட்டால் கிம்மோ சரி என்றுதான் சொல்வான். தங்க இடமில்லாதவளுக்குக் கதவைச் சாத்துகிற மனுஷன் இல்லை அவன். நடுரோட்டில் நின்ற யாரோ ஒருத்தியின் காரை மூன்று மணி நேரம் கட்டி இழுத்துக்கொண்டு போய் அவள் வீட்டில் விட்டவன். அந்த மாதிரிச் சரி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒதுங்க இடம் கொடுக்கிறவன் ஒருவன், கூடவே இரு என்கிறவன் இன்னொருவன். முதலாமவன்தான் கிம்மோ என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டு வாசலில் எப்படிக் காரை நிறுத்துவாள்?

இந்த யோசனையோடுதான் அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை காலை வந்து இறங்கினாள். பிர்ச் மரங்கள் பாதி மஞ்சளாகிவிட்டிருந்தன. கிம்மோ காபி போட்டு வைத்திருந்தான். ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே அவள் தன் அலுவலகக் கதையை ஆரம்பித்தாள்.

"திட்டு வாங்குறேன் கிம்மோ. ஒவ்வொரு கூட்டுக்கு மேலயும் ஒரு பச்சைப் பட்டை வெச்சோம்ல? ஒரு தடவை சுட்டா கொஞ்சம் குறையும், பத்தாவது தடவை கூடு மாயமா மறைஞ்சிடும். அதை வேட்டைக்காரங்கல்லாம் கிண்டல் பண்றாங்க. 'எங்க வீட்டு அலமாரியில இருக்கிற கூட்டுக்கு மேல எந்தப் பட்டையும் தெரியலையே, கண் டாக்டரைப் பாக்கணுமா'ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"நான் பத்துன்னு சொல்லவே இல்லையே."

"நீ எதையுமே சொல்லல. அதான் பிரச்சினை."

அதற்குள் கிம்மோவின் கைபேசி அடித்தது. ரைலி. வேட்டைச் சங்கத்தின் தலைவி, பக்கத்துப் பண்ணைக்காரி. அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் கையோடு வந்துவிட்டதாம்.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று கிம்மோ பூட்சை மாட்டினான். "கொட்டகை ரூம்ல அந்த மெஷினைப் போட்டு விடறியா? மேஜையில டப்பா இருக்கு. மேல இருக்கிறதைக் கொட்டி சுவிட்சைப் போட்டாப் போதும்."

கார்க் கொட்டகையை ஒட்டி இருந்த அறை அது. சுட்டுக் கறுத்த கூடுகளை, பொடித்த சோளத்தக்கையோடு போட்டுக் குலுக்கிப் பளபளப்பாக்கும் யந்திரம் மூலையில் இருந்தது. மேஜையில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஹெல்யா மேல் டப்பாவைக் கொட்டினாள். யந்திரம் பாதிகூட நிறையவில்லை. மூன்றிலும் ஒரே அளவுக் கூடுகள், ஒரே கம்பெனி முத்திரை. மூன்று தடவை ஓட்டுவதை ஒரே தடவையில் முடித்துவிட்டால் அவனுக்கு வேலை மிச்சம் என்று, மற்ற இரண்டையும் கொட்டி சுவிட்சைப் போட்டாள். பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு வெளியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து இரண்டாவது காபியைக் குடித்தாள்.

கிம்மோ ஒரு பை ஆப்பிளோடு திரும்பி வந்தபோது யந்திரம் நின்றிருந்தது. அவள் கூடுகளைச் சலித்து மேஜையில் குவித்து வைத்திருந்தாள். அத்தனையும் தங்கம் போல மின்னின.

அவன் குவியலைப் பார்த்தான். காலி டப்பாக்களைப் பார்த்தான். மறுபடி குவியலைப் பார்த்தான்.

"மூணையும் கொட்டினியா?"

"இடம் இருந்துச்சு."

"இடம் இருந்துச்சு" என்று அவனும் சொன்னான், ஏதோ வெளிநாட்டு வார்த்தையைச் சொல்லிப் பழகுகிறவன் போல. ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். டப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினான். மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் பேனாக் கோடுகள். ஒன்றில் இரண்டு கோடு, ஒன்றில் நாலு, மூன்றாவதில் ஒன்பது.

ஹெல்யா மூடியை வாங்கிக் கோடுகளை எண்ணினாள்.

"எத்தனை தடவை சுட்டதுன்னு கணக்கா?"

"ம்."

"இதுல எது ஒன்பது?"

"அதை இனிமே அதுங்களே வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

அவனுடைய குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவ்வளவு வருஷத்தில் அவன் கோபத்தை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு வீடு இருந்ததால்தான் பார்க்கவில்லையோ என்னவோ. இன்றைக்குப் பார்த்துவிடப் போகிறோம், அத்தோடு கேட்க வேண்டிய கேள்வியும் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

"நீளத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாமே" என்றாள் அவசரமாக. "சுடச் சுட நீளும்னு நீதானே சொன்னே?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு வெட்டி விட்டுடறேனே."

"கழுத்துல அந்த நீல நிறம்? நெருப்புக் காட்டினதுல வருமே, பழசுக்கு மட்டும்தானே காட்டியிருப்பே?"

"இருந்துச்சு. நீதான் தங்கம் மாதிரி தேய்ச்சு வெச்சிருக்கியே."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். முக்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளியே போகிறான் என்று நினைத்தாள். போகவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்து அவளருகே போட்டான். இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, குறட்டால் முனையை மட்டும் கொக்கி மாதிரி வளைத்து, அவள் கையில் கொடுத்தான்.

"உக்காரு மகராசி. நீ கலந்ததை நீயே பிரி."

கூட்டின் வாய் வழியாகக் கம்பியை விட்டு, அடிவரை இறக்கி, உட்சுவரைத் தடவிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் பித்தளை முன்பக்கம் கொஞ்சம் நகர்கிறது. அப்படி நகர்கிற பித்தளை, அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்துதான் போகிறது. அங்கே சுவர் மெலிந்து உள்ளே ஒரு பள்ளம் விழுகிறது. கம்பி முனை அதில் மாட்டும். முதல் சில கூடுகளில் ஹெல்யாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வழவழவென்று வந்தன. பிறகு ஒன்றில், பட்டுத்துணியில் நகம் மாட்டுவது போல ஏதோ மாட்டியது.

"இது! கிம்மோ, இதுல இருக்கு!"

அவன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். வெளியேயும், அடியை ஒட்டி, மயிரிழை போல ஒரு வெளிர் வளையம். குறட்டை எடுத்து அதன் கழுத்தை நசுக்கினான். யாரும் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்வார்கள்.

"விட்டிருந்தா?"

"அடுத்த தடவையோ அதுக்கடுத்த தடவையோ ரெண்டாப் பிரியும். முன்பாதி துப்பாக்கிக்குள்ள மாட்டிக்கும், புகை என் முகத்துக்கு வரும். மான் நின்னு சிரிக்கும்."

அவன் கழுத்துகளைப் பார்த்தான். சுட்டுச் சுட்டு விறைத்துப்போன பித்தளை, குண்டைப் பிடிக்கிற இடத்தில் வெடிப்பு விடும். சிலதில் நகக்கீறல் போலக் கீறல் இருந்தது. நசுக்கினான். இன்னும் சிலதில் அடிக் குழியில் பழைய கேப்பை வைத்துப் பார்த்தான். இறுகிப் போக வேண்டியது, சில குழிகளில் சும்மாவே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதையும் நசுக்கினான்.

ஹெல்யாவின் கை நின்றுவிட்டது. "அப்ப ஒரு கூடு மூணு விதமாச் சாகும்."

"நாலு. மிதிச்சா நசுங்கும்."

"விளையாடாதே. நான் ஒரே நம்பரை வெச்சுக்கிட்டு நாலு வருஷமா..." எழுந்து நின்றுவிட்டாள். "ஒவ்வொரு கூட்டுக்கும் மூணு நம்பர். கழுத்து, அடி, குழி. மூணும் தனித்தனியாத் தேயும். நிறைய மருந்து போட்டா குழி சீக்கிரம் போகும். நெருப்புக் காட்டினா கழுத்து மட்டும் திரும்ப உயிர் பிடிக்கும், மத்தது பிடிக்காது. சரியா?"

"சரி."

"ஆனா ஒண்ணையும் ஆட்டக்காரனுக்குக் காட்டக் கூடாது. பட்டையே கிடையாது. கம்பியை விட்டுப் பாத்தாத்தான் தெரியும். டப்பாவை அவனேதான் பிரிச்சு வெச்சுக்கணும், கோடும் அவனேதான் போடணும். அவசரத்துல எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டுட்டான்னா..."

"கலந்துடும்."

"கலந்துடும்! எதையும் நாங்க சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது."

"அப்ப அவனும் உன்னை மாதிரி உக்காந்து குடைஞ்சுக்கிட்டு இருக்கட்டும்" என்று கிம்மோ சிரித்தான். அவன் சிரித்ததும் அவளும் சிரித்து, மறுபடி உட்கார்ந்து கம்பியை எடுத்தாள்.

வாசலில் நான்கு சக்கர மோட்டார் வண்டி உறுமி நின்றது. ரைலி குழாய்த் திருகியோடு உள்ளே வந்தாள். "உன் சாமானை மறந்துட்டு வந்துட்டே... என்ன, ரெண்டு பேரும் லிங்கன்பெர்ரிப் பழம் பொறுக்குற மாதிரி குனிஞ்சு உக்காந்திருக்கீங்க?"

"ஹெல்யா மூணு டப்பாவையும் கலந்துட்டா, தலைவி."

ரைலி தொப்பியைக் கழற்றினாள், துக்க வீட்டில் நிற்பது போல. "நானும் ஒரு தடவை பண்ணியிருக்கேன். என் வீட்டுக்காரன் ஒரு வாரம் பேசல."

"அதுக்கப்புறம்?" என்றாள் ஹெல்யா.

"அதுக்கப்புறமும் அதிகமாப் பேசல. அவன் சுபாவமே அப்படித்தான்." கீழே இருந்த பையிலிருந்து ஒரு ஆப்பிளை, தான் கொடுத்ததையே, எடுத்துக் கடித்தாள். "ஆமா ஹெல்யா, மூஸ் மான் விருந்துக்குக் காய் வெட்ட ஆள் பத்தல. உன்னைச் சேத்துக்கிட்டேன். ஊர்க்காரங்க யாரும் தப்பிக்க முடியாது."

"நான் ஊர்க்காரி இல்லையே ரைலி."

"அப்படியா?" என்று ரைலி கிம்மோவைப் பார்த்தாள். கிம்மோ ஒரு கூட்டின் அடியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, கத்தி மட்டும் நல்லதா கொண்டு வா" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

வண்டிச் சத்தம் அடங்கியது. குவியல் குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சிய நல்ல கூடுகளையெல்லாம் கிம்மோ ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டு, ஒன்பது கோடு போட்ட மூடியை எடுத்து மூடினான்.

"எல்லாமே ஒன்பதா?"

"தெரியலைன்னா கிழடுன்னு வெச்சுக்கறதுதான் முறை."

"ரெண்டே தடவை சுட்டதுங்களும் இதுல இருக்கே. என்னால ஒரே நாள்ல அதுங்களுக்கு வயசாயிடுச்சு."

"போனாப் போகுது. இதுல மருந்தைக் கம்மியா அடைச்சு, குறி அட்டையைச் சுட்டுப் பழகிக்கலாம். மானுக்குப் புதுசு வாங்கறேன்." டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். "நல்லாத்தான் இருந்துச்சு இன்னிக்கு. தனியா உக்காந்து செஞ்சா இந்த வேலை தூக்கம் வரும்."

ஹெல்யா அவனைப் பார்த்தாள். அவன் அதற்குள் சாவ்னா என்கிற ஆவிக்குளியல் அறையில் அடுப்பு மூட்டப் போய்விட்டான்.

சாயங்காலம், ஏரிப்பக்க ஜன்னல் இன்னும் வெளிச்சமாக இருந்தபோது, இருவரும் சாவ்னாவின் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிம்மோ ஒரு அகப்பைத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினான். ஆவி சீறி எழுந்து தோளில் இறங்கியது.

"குழாய் வேலை எப்ப ஆரம்பிக்குது?"

"அக்டோபர் நடுவுல. மூணு மாசம்."

"மூணுன்னு சொல்வாங்க. அஞ்சு ஆகும். நான் அந்தப் பொழப்புலதான் இருக்கேன்." அகப்பையை வாளியில் போட்டான். "எங்க இருக்கப் போறே?"

"ஒஸ்குவோட அத்தை ரூம் ஒண்ணு இருக்கு. நாளைக்குள்ள சொல்லணும்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயா?"

"ம்."

"அங்க எதுக்கு? இங்க வா. மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. அந்த அஞ்சு மாசமும் இரு."

இதோ, அவள் பயந்த சரி வந்துவிட்டது. கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதுவும் எப்படி? மாடி அறையாம்.

"மாடி ரூமா?"

"உன் கம்ப்யூட்டருக்கு" என்று அவன் அவசரமாகச் சொன்னான். "உன் கம்ப்யூட்டர் எல்லாம் வைக்க. நீ... நீ அங்க இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. நன்றி என்று சொல்லிவிட்டால் போதும். சூடாகச் சாப்பிட்டு, நாளைக்கு ஒஸ்குவுக்கு வேண்டாம் என்று சொல்லி, அஞ்சு மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கலாம். அதை வைக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது.

பகலில் அவள் அவ்வளவு பெரிய தவறு செய்துவிட்டு நின்றபோது அவன் முக்காலியை இழுத்துப் போட்டான். கத்தவில்லை, வெளியே போகவில்லை, ஒரு வாரம் பேசாமலும் இருக்கவில்லை. சண்டை வராததற்கு இரண்டு வீடுதான் காரணம் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாளே, இன்றைக்கு நடந்ததெல்லாம் ஒரே அறையில்தானே?

கிம்மோ மறுபடி அகப்பையை எடுத்தான்.

"கொஞ்சம் இரு, ஊத்தாதே" என்றாள்.

அவன் அகப்பையைப் பிடித்தபடியே இருந்தான். கற்கள் மெல்லக் கிசுகிசுத்தன. ஹெல்யா பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்காமல், அவன் பக்கம் திரும்பினாள்.

"கிம்மோ, அஞ்சு மாசத்துக்குன்னா நான் வரல. குழாய் வேலைக்காகவும் வரல. நீ ரெண்டு வீடு இருக்கிறது நல்லதுன்னு சொன்னப்போ நான் ஆமான்னு சொன்னேன் பாரு, அது பொய். எனக்கு உன்கூட இந்த வீட்டுலயே இருக்கணும், அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாம. என்னை இங்கேயே இருக்க விடுறியா?"